சேராது என்ற ஒரு சொல்

நம் வீடுகளில் சாப்பாட்டுப் பேச்சு வந்தால் கூடவே வரும் சொல் ஒன்று உண்டு. "எனக்குப் பால் சேராது." "அவருக்குக் கத்தரிக்காய் சேராது." "குழந்தைக்கு முட்டை சேராது." தஞ்சாவூர்க்காரரானாலும் திருநெல்வேலிக்காரரானாலும், பெங்களூர் வந்து மூன்று தலைமுறை ஆன குடும்பமானாலும், இந்தச் சொல் மட்டும் மாறவில்லை. வசதியான சொல்தான். காரணம் சொல்ல வேண்டாம், டாக்டரிடம் போக வேண்டாம், இலையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டால் போதும்.

ஆனால் இந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது மூன்று வேறு வேறு சங்கதிகள் அடங்கியிருக்கின்றன. ஒன்றில் வயிறு உப்பி, இரண்டு தடவை வெளியே போய்வந்தால் சரியாகிவிடும். இன்னொன்றில் குடலின் உட்சுவர் தேய்ந்து, குழந்தையின் வளர்ச்சியே நின்றுபோகும். மூன்றாவதில் ஒரு வாய் தின்றாலே உயிருக்கு ஆபத்து வரலாம். மூன்றுக்கும் வாசல் வயிறுதான் என்பதால் மூன்றையும் அஜீரணம் என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்துவிடுகிறோம்.

நான் மருத்துவன் அல்லன். டிப்ளமா படித்து, ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் தங்கையின் பேரனுக்கு வந்த ஒரு தொல்லையின் காரணமாக இந்த விஷயத்தைப் படிக்கவும், டாக்டர்களிடம் கேட்கவும் நேர்ந்தது. அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் ஆபத்து குறைந்ததிலிருந்து தொடங்கலாம்.

பால்

பாலில் உள்ள சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். இரண்டு சிறிய சர்க்கரைகள் கோத்துக்கொண்ட ஜோடி அது. ஜோடியாக இருக்கும்வரை குடல் சுவரைத் தாண்டி ரத்தத்தில் கலக்க முடியாது. சிறுகுடலின் உட்சுவரில் லாக்டேஸ் என்ற நொதி இருந்துகொண்டு, ரயில் பெட்டிகளுக்கு நடுவே இறங்கிக் கப்ளிங் கழற்றும் ஆளைப் போல, அந்த ஜோடியைப் பிரித்துவிடுகிறது. தாய்ப்பால் குடிக்கும் வயதில் இந்த நொதி எல்லாக் குழந்தைகளுக்கும் தாராளமாகச் சுரக்கும். பால்குடி மறந்த பிறகு உலகில் பெரும்பாலோருக்கு அது படிப்படியாகக் குறைந்துவிடுகிறது. பிரிக்க ஆள் இல்லாத சர்க்கரை அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைக்கின்றன. வாயு சேருகிறது, குடல் நீரை இழுத்துக்கொள்கிறது. உப்புசம், இரைச்சல், பேதி எல்லாம் இதனால்தான்.

1981-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் திருவனந்தபுரத்திலும் புதுச்சேரியிலும் சோதிக்கப்பட்ட தென்னிந்தியர்களில் 66.6 சதவீதம் பேருக்குப் பால் சர்க்கரை செரிக்கவில்லை. புதுதில்லியில் சோதிக்கப்பட்டவர்களில் அது 27.4 சதவீதம்தான். அதாவது நம்மவர் மூவரில் இருவருக்கு இந்தக் குறை உண்டு. இத்தனை பேருக்கு இருப்பதைக் குறை என்று சொல்வதே சரியா என்று தெரியவில்லை. பெரியவர்களாகியும் பால் செரிக்கிறவர்களைத்தான் விதிவிலக்கு என்று சொல்ல வேண்டும். அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2002-இல் பின்லாந்து ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கால்நடை மேய்த்துப் பால் குடித்து வாழ்ந்த கூட்டத்தாரிடம் அது அதிகம். நம் பக்கத்தில், நீலகிரியில் எருமை வளர்க்கும் தோடர்களிடம் அது மிகுதியாகக் காணப்பட்டிருக்கிறது.

இந்த வகையில் அளவுதான் எல்லாம். 100 மில்லி பாலில் சுமார் 5 கிராம் லாக்டோஸ் இருக்கும். செரிமானக் குறை உள்ளவர்களிலும் பெரும்பாலோர் ஒரே வேளையில் 12 கிராம் வரை அதிகத் தொல்லை இல்லாமல் தாங்குவார்கள் என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு டம்ளர் ஃபில்டர் காபியில் விடும் பாலில் 5 கிராம் தாண்டாது. எனவே "பால் சேராது, ஆனால் காபி சேரும்" என்று சொல்லும் நம் வீட்டுப் பெரியவர்களைக் கேலி செய்ய வேண்டியதில்லை. அவர்கள் சொல்வது கணக்குக்குச் சரியாகத்தான் இருக்கிறது. தயிரிலும் மோரிலும் உறை போட்ட நுண்ணுயிர்களே சர்க்கரையில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. மிச்சத்தைப் பிரிக்கவும் உதவுகின்றன. நம் சாப்பாடு மோரில் முடிவது ஏதோ ருசிக்காக மட்டும் வந்த வழக்கம் அல்ல என்பது என் எண்ணம்.

ஆனால் இது பாலின் சர்க்கரையைப் பற்றிய பேச்சு. பாலின் புரதம் சேராதவர்களுக்கு மோரும் சரிப்படாது, கடையில் விற்கும் லாக்டோஸ் நீக்கிய பாலும் சரிப்படாது. "பசும்பால்தானே ஆகாது, ஆட்டுப்பால் கொடுத்துப் பாருங்கள்" என்று யோசனை சொல்கிறவர்கள் நம்மில் நிறைய. பசும்பால் புரதம் ஒவ்வாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது, எருமைப்பாலும் அப்படியே. இந்த வித்தியாசம் தெரியாமல் போனால் மோருக்குப் பழகியது போதாதென்று குழந்தையைப் பாலுக்கும் பழக்கப் பார்ப்பார்கள்.

கோதுமை

இரண்டாவது சங்கதிக்கு சீலியாக் நோய் என்று பெயர். கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் குளூட்டன் என்ற பசைப் புரதம் இருக்கிறது. சப்பாத்தி மாவு இழுபடுவது அதனால்தான். சிலருடைய உடம்பு இந்தக் குளூட்டனைக் கண்டதும் அதைத் தாக்குவதோடு நில்லாமல் தன் சொந்தக் குடலையும் தாக்க ஆரம்பித்துவிடுகிறது. நம் சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளம். உட்புறம் வழவழப்பான குழாய் அல்ல. துவாலையின் மேல் நூல் நூலாக நிற்பதுபோல் கோடிக்கணக்கான நுண்விரல்கள் நிற்கின்றன. உணவின் சத்தை உறிஞ்சுவது இந்த விரல்கள்தான். சீலியாக் நோயில் அவை மழுங்கித் தரைமட்டமாகிவிடுகின்றன. சாப்பிட்டும் சத்து ஏறாது. குழந்தை வளராது, மருந்து கொடுத்தும் ரத்தசோகை போகாது, பேதியும் இருக்கலாம், பேதியே இல்லாமலும் இருக்கலாம்.

டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர் இதன் மூலத்தைப் பிடித்தார். கோதுமைமேல் அவருக்கு முன்பே சந்தேகம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45 குளிர்காலத்தில், ஹாலந்தில் ரொட்டி கிடைக்காமல் ஊரே பட்டினி கிடந்தபோது இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் வந்தது. 1950-இல் அவர் தம் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார்.

இதில் நமக்குச் சம்பந்தமான ஆய்வு 2016-இல் வெளிவந்தது. வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா என்று மூன்று இடங்களில் 23,331 பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். தெற்கே எடுத்துக்கொண்ட இடம் வேலூர்ப் பக்கம். வடக்கே ஆயிரத்துக்கு 8.53 பேருக்கு இந்த நோய். தெற்கே ஆயிரத்துக்கு 0.11 தான். அப்படியானால் நம் உடம்பின் அமைப்பே வேறா என்றால், இல்லை. நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு வடக்கே 38.1 சதவீதம் பேரிடம், தெற்கே 36.4 சதவீதம் பேரிடம், ஏறக்குறைய சமம். வித்தியாசம் தட்டில் இருந்தது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம்.

இதைப் படித்தபோது எனக்கு நம் பெங்களூர்க் குடும்பங்களின் ஞாபகம்தான் வந்தது. ஊரில் ராத்திரிக்கு மோர்சாதம் சாப்பிட்டவர்கள் இங்கே சர்க்கரை வியாதிக்குப் பயந்து சப்பாத்திக்கு மாறியிருக்கிறோம். பிள்ளைகள் காலையில் ரொட்டி, மாலையில் பிஸ்கட், பன், நூடுல்ஸ் என்று வளர்கிறார்கள். இதனால் நமக்கும் நோய் பெருகும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் என் கையில் இல்லை. ஆனால் "அது பஞ்சாபிக்காரர்கள் வியாதி, தமிழனுக்கு வராது" என்று சொல்லிவிட முடியாது. வளராத குழந்தை, காரணம் தெரியாத ரத்தசோகை என்றால் இந்தக் கேள்வியையும் டாக்டரிடம் கேட்டுவைக்கலாம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: சந்தேகம் வந்தவுடன் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பிறகு பரிசோதனைக்குப் போகாதீர்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ரத்தமும் குடலும் உண்மையைச் சொல்லும். நோய் உறுதியானால் நிறுத்தம் முழு நிறுத்தமாக, ஆயுள் முழுவதும் இருக்க வேண்டும். ரவை, சேமியா, மைதா என்பது எல்லோருக்கும் தெரியும். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. சாம்பார் ரசம் வழியாக அது தினமும் உள்ளே போகும். இந்த ஊரின் ராகியில் குளூட்டன் கிடையாது என்பது ஓர் ஆறுதல்.

உண்மையான அலர்ஜி

மூன்றாவதுதான் சரியான பொருளில் அலர்ஜி, ஒவ்வாமை. அலர்ஜி என்ற சொல்லையே 1906-இல் வியன்னாவைச் சேர்ந்த ஃபான் பிர்கே என்ற குழந்தை மருத்துவர்தான் உருவாக்கினார். 1921-இல் ஜெர்மனியில் இரண்டு மருத்துவர்கள் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். குஸ்ட்னர் என்பவருக்கு மீன் ஆகாது. பிராஸ்னிட்ஸ் மீன் சாப்பிடுவார், ஒன்றும் ஆகாது. குஸ்ட்னருடைய ரத்த நீரை எடுத்துப் பிராஸ்னிட்ஸ் தம் தோலில் செலுத்திக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன் சாறு ஊசி போட்டுக்கொண்டார். அந்த இடம் மட்டும் தடித்துச் சிவந்துவிட்டது. ஒவ்வாமை ரத்தத்தில் ஏதோ ஒரு பொருளாக இருக்கிறது என்று அன்றே தெரிந்துபோயிற்று. அது என்ன பொருள் என்று கண்டுபிடிக்க இன்னும் 45 வருடம் பிடித்தது. 1966-இல் அமெரிக்காவின் டென்வரில் இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதியர் அதைக் கண்டார்கள். இன்று அதற்கு ஐ.ஜி.இ. என்று பெயர்.

வயிற்றுக்குள் நடப்பது இதுதான். நாம் வாழ்நாளில் டன் கணக்கில் அந்நியப் பொருளை விழுங்குகிறோம். இது உணவு, விட்டுவிடு. இது கிருமி, அடித்துவிடு என்று தரம் பிரிக்கும் காவலர்களில் பெரும் பகுதியினர் குடல் சுவரில்தான் பணியில் இருக்கிறார்கள். சிலரிடம் இந்தத் தரம் பிரிப்பில் பிசகு வருகிறது. முந்திரியின் புரதத்தை எதிரி என்று முடிவு கட்டி, அதற்கென்றே ஐ.ஜி.இ. தயாரித்து, மாஸ்ட் செல் என்ற உயிரணுக்களின் மேல் பொருத்திவைத்துவிடுகிறது உடம்பு. அடுத்த முறை முந்திரி வந்ததும் அந்தச் செல்கள் வெடித்ததுபோல ஹிஸ்டமின் முதலிய ரசாயனங்களைக் கொட்டுகின்றன. குடலின் தசை முறுக்கிக்கொள்ளும். குடல் நீரைக் கொட்டும். வாந்தி, வயிற்றுவலி, பேதி. சாப்பிட்ட சில நிமிடங்களில் இருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இது நடந்துவிடும். அதே ரசாயனம் தோலில் தடிப்பு, உதட்டில் வீக்கம், மூச்சுக்குழாயில் இறுக்கம், ரத்த அழுத்தத்தில் வீழ்ச்சி என்று பரவினால் அது உயிர் போகும் நெருக்கடி. பாலின் சர்க்கரையைப்போல இங்கே அளவுக் கணக்கு உதவாது. சிலருக்கு ஒரு துளி போதும்.

இப்போது பேரன் கதை. நான்கு வயதில் ஒரு கல்யாண வரவேற்பில் முந்திரி கேக் தின்றான். பத்து நிமிடத்தில் வாந்தி. கழுத்தில் சிறு தடிப்பு இருந்தது, கொசுக்கடி என்று விட்டுவிட்டார்கள். செரிக்கவில்லை என்று வீட்டில் ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். சில மாதம் கழித்து எள்ளுருண்டை. மூன்று முறை வாந்தி, உதடு வீங்கிவிட்டது. இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஊசி போட்டு, ஓர் இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். இதுவரை சரி. அதன்பின் யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு பரிசோதனைக் கூடத்தில் மொத்தமாக ரத்தம் கொடுத்தார்கள். ரிப்போர்ட் வந்த அன்று தங்கை மகள் போன் செய்தாள்: "மாமா, பதினாறு ஐட்டம் சிவப்பா போட்டிருக்கு. பால், கோதுமை, துவரம்பருப்பு, கத்தரிக்காய், முட்டை எல்லாம் இருக்கு. இனிமே இவனுக்கு என்னத்தைப் போடறது?"

பதினாறையும் நிறுத்தினாள். ஐந்து மாதம் அந்தக் குழந்தை சோறு, சீரக ரசம், வாழைப்பழம் என்று ஓட்டியது. இரண்டு கிலோ எடை குறைந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சாப்பிடும்போது இவனை உள்ளே அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

சிக்னல் பிரிவில் இருந்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். இரண்டு தண்டவாளங்களிலும் சிறிய மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். வண்டி வந்தால் அதன் சக்கரமும் அச்சும் இரண்டையும் இணைத்துவிடும்; ரிலே விழுந்து சிக்னல் சிவப்பாகும். இதற்கு டிராக் சர்க்யூட் என்று பெயர். ஆனால் மழைக்காலத்தில், அழுக்கேறிய ஜல்லியில் தண்ணீர் நின்றால், மின்சாரம் அதன் வழியே கசிந்து, வண்டியே இல்லாமல் சிக்னல் சிவப்பாகும். பங்காருப்பேட்டைப் பக்கம் எத்தனை மழை ராத்திரிகளில் இதற்காக டார்ச் எடுத்துக்கொண்டு நடந்திருக்கிறோம்! சிவப்பு விழுந்தால் வண்டி இருக்கலாம் என்றுதான் அர்த்தம். இருக்கிறதா என்று ஆள் போய்ப் பார்க்க வேண்டும். பார்க்காமலே பதினாறு தடங்களையும் மூடிவிட்டால் ரயில்வே நடக்காது.

ரத்தத்தில் ஐ.ஜி.இ. இருப்பதும் இந்தச் சிவப்பு போலத்தான். இதை மிகத் தெளிவாகக் காட்டிய ஆய்வு வேறெங்கோ அல்ல, நம் கர்நாடகத்திலேயே நடந்தது. ஐரோப்பிய நாடுகளுடன் சேர்ந்து செய்யப்பட்டு 2016-இல் வெளிவந்தது. 20 முதல் 54 வயது வரையிலான 11,791 பேரிடம் முதலில் கேள்வித்தாள் மூலம் விசாரித்தார்கள். பிறகு அவர்களில் 588 பேரை விரிவாக ஆராய்ந்து, 24 உணவுகளுக்கு ரத்தத்தைச் சோதித்தார்கள். ஏதாவது ஓர் உணவுக்கு ரத்தத்தில் சிவப்பு காட்டியவர்கள் 26.5 சதவீதம், நான்கில் ஒருவருக்கும் மேல். ஆனால் சாப்பிட்டால் தொல்லையும் வந்து, ரத்தமும் அதற்கு ஒத்துப்போனவர்கள் 1.2 சதவீதம் மட்டுமே. அதிலும் முன்னால் நின்றவை பசும்பாலும் ஆப்பிளும், தலா 0.5 சதவீதம். பள்ளிப் பிள்ளைகளைப் பல நாடுகளில் ஒப்பிட்டு 2020-இல் வெளியான முடிவில் இந்தியக் குழந்தைகளிடம் அது 0.14 சதவீதம்தான், ஹாங்காங்கில் 1.5.

ஆக, நம் மாநிலத்தில் நல்ல ஆரோக்கியத்துடன் எல்லாம் சாப்பிட்டு நடமாடுகிறவர்களை வரிசையில் நிறுத்தி ரத்தம் எடுத்தாலே நாலில் ஒருவருக்குச் சிவப்பு விழும். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு குழந்தையின் தட்டைக் காலி செய்வது நியாயமா? ஐ.ஜி.ஜி. என்ற இன்னொரு பொருளைச் சோதித்து "உங்களுக்குச் சேராத உணவுகள்" என்று நூறு பெயர்ப் பட்டியல் தருகிறவர்களும் உண்டு. அந்த உணவை நீங்கள் சாப்பிட்டுப் பழகியிருக்கிறீர்கள் என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்களின் கழகம் 2008-லேயே சொல்லிவிட்டது.

பேரனைப் பிறகு பார்த்த டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு அரை மணி நேரம் கேள்வி கேட்டார். என்ன சாப்பிட்டான், எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் என்ன நடந்தது, அதே பொருளை அதற்கு முன் சாப்பிட்டிருக்கிறானா? பட்டியலில் பாதிக்கு மேல் அவன் பிறந்ததிலிருந்து தொல்லையின்றிச் சாப்பிட்டு வந்தவை. அவற்றைத் திரும்பக் கொடுக்கச் சொன்னார். சந்தேகமான சிலவற்றை ஆஸ்பத்திரியிலேயே வைத்து, ஊசி மருந்தைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு, கடுகளவில் ஆரம்பித்துச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். எங்கள் மொழியில் சொன்னால், டார்ச் எடுத்துக்கொண்டு தடத்தில் நடந்து பார்த்தார்கள். கடைசியில் நின்றவை இரண்டே: முந்திரி, எள். முந்திரி ஆகாதவர்களில் பெரும்பாலோருக்குப் பிஸ்தாவும் ஆகாது என்பதால் அதையும் விலக்கச் சொன்னார். பாலும் பருப்பும் திரும்பி வந்தன. எடையும் வந்தது.

இதற்கு நேர் எதிரான பிசகும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தண்டவாளம் துருப்பிடித்திருந்தால் வண்டி மேலே நின்றும் சிக்னல் பச்சை காட்டக்கூடும். ராங் சைட் ஃபெயிலியர் என்போம். சிக்னல்காரன் கனவிலும் பயப்படுவது அதற்குத்தான். ஐ.ஜி.இ. சம்பந்தப்படாத ஒவ்வாமைகளில் ரத்தப் பரிசோதனை இப்படிப் பச்சை காட்டும். கைக்குழந்தைகளுக்குப் பால் முதலிய உணவு கொடுத்து ஒன்று முதல் நான்கு மணி நேரத்தில் அடுக்கடுக்காக வாந்தி வந்து, வெளுத்துத் துவண்டுபோவது ஒரு வகை. மலத்தில் ரத்தக்கோடு தெரிவது இன்னொரு வகை. இவற்றில் தாய் சொல்லும் விவரம்தான் பரிசோதனையைவிடப் பெரிது.

கத்தரிக்காய்க்கு வருவோம். உடம்பில் சொறி இருந்தால் கத்தரிக்காயும் கருவாடும் கரப்பான் பண்டம், தொடாதே என்பார்கள் நம் பாட்டிமார். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் மருத்துவர்களுடன் சேர்ந்து இதை ஆராய்ந்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். கத்தரிக்காய் அரிக்கிறது என்பவர்களில் உண்மையான ஒவ்வாமை உள்ளவர்கள் சிலரே. கத்தரிக்காயிலேயே ஹிஸ்டமின் இருப்பதால், ஒவ்வாமை இல்லாதவர்களுக்கும் அது அரிப்பைத் தரலாம். பாட்டி சொன்னது பொய்யில்லை, காரணம்தான் வேறு.

வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. பள்ளிக்கூடத்துக்கு வேர்க்கடலை கொண்டுவராதே என்கிறார்கள், என்ன ஊர் இது என்று திரும்பி வந்து சலித்துக்கொள்பவர்கள் உண்டு. அங்கே அந்த ஒவ்வாமை அதிகம். ஒவ்வாமை வரும் என்று பயந்து குழந்தைகளுக்குக் கடலையே காட்டாமல் வளர்த்தது தவறான வழி என்று 2015-இல் லண்டனில் முடிந்த ஆய்வு காட்டிவிட்டது. தோல் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளில் கடலையைத் தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்கும், சிறு வயதிலேயே தின்று வந்தவர்களில் 3.2 சதவீதம் பேருக்கும் மட்டும் ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை இருந்தது. நம் ஊரில் கடலைச் சட்னி தொட்டுத் தின்று வளரும் பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் ஒவ்வாமை வந்துவிட்ட பிள்ளைக்கு "கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்" என்று வீட்டில் கொடுத்துப் பார்ப்பது வேறு விஷயம். அதை ஆஸ்பத்திரியில் மட்டும்தான் செய்ய வேண்டும்.

நெருக்கடி வந்தால் செய்ய வேண்டியதை எங்கள் வீட்டில் குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். சாப்பிட்ட சற்று நேரத்தில் தோலில் தடிப்பும் கூடவே திரும்பத் திரும்ப வாந்தியும், அல்லது மூச்சுத் திணறலும் வந்தால் அது அஜீரணம் அல்ல. தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் மருந்து. அவில் மாத்திரை அரிப்பைக் குறைக்கும். இறுகும் மூச்சுக்குழாயைத் திறக்காது, விழும் ரத்த அழுத்தத்தை நிமிர்த்தாது. மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குழந்தையை நடத்திக் கூட்டிப்போகக் கூடாது. படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும், மூச்சுத் திணறினால் மட்டும் உட்கார வைக்கலாம். சரியாகிவிட்டது என்று உடனே திரும்பி வரவும் கூடாது. சில மணி நேரம் கழித்து இரண்டாம் முறை வருவதுண்டு.

கடைப் பண்டங்களின் உறையில் பால், முட்டை, மீன், வேர்க்கடலை, முந்திரி வகைகள், சோயா, குளூட்டன் உள்ள தானியம் முதலியவை இருந்தால் அச்சிட வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதி சொல்கிறது. அந்தப் பட்டியலில் எள் இல்லை. எனவே எள்ளுக்கு மட்டும் உட்பொருள் வரிசை முழுவதையும் படிக்கிறாள் தங்கை மகள். செக்கு நல்லெண்ணெயில் எள்ளின் புரதம் இருக்கும் என்பதால் வீட்டில் கடலெண்ணெய்க்கு மாறிவிட்டார்கள். மிளகாய்ப்பொடியில் எள் போடுவதில்லை. கோயில் சர்க்கரைப் பொங்கலில் முந்திரியைப் பொறுக்கிவிட்டுக் கொடுப்பதும் கிடையாது. நெய்யில் வறுத்துக் கலந்தபின் பொறுக்கி என்ன பயன்?

பள்ளிப் பையில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதிய அட்டை தொங்குகிறது. கன்னடத்தில் எள்ளுக்கு எள்ளு என்றே பெயர், முந்திரிக்கு கோடம்பி. இந்த ஊரில் அது ரொம்ப அவசியம், ஏனென்றால் சங்கராந்திக்கு எள்ளு பெல்லம் கொடுப்பது இங்கே வீட்டுக்கு வீடு நடக்கும் மரியாதை. எள், வெல்லம், கொப்பரை, கடலை கலந்து தட்டில் வைத்து, நல்லதைப் பேசு என்று வாழ்த்திக் கொடுப்பார்கள். மறுத்தால் மனம் நோகும். போன சங்கராந்திக்கு எதிர் வீட்டுக் கன்னட அம்மாள் தட்டோடு வந்தார். பெரியவர்களுக்கு எள்ளு பெல்லம் கொடுத்துவிட்டு, பையனுக்கென்று தனியாக ஒரு டப்பாவில் சர்க்கரை அச்சும் ஒரு கரும்புத் துண்டும் கொண்டுவந்திருந்தார். அச்சு யானை வடிவத்தில் இருந்தது. தும்பிக்கையை முதலில் கடித்தான்.